ராஜினாமா எழுதும் முன்: மலைத்தோட்டத்தில் நீண்ட நாள் நோயும் பென்ஷனும்

"எழுதிக் குடுத்துருங்கம்மா, பி.எஃப். பணம் சீக்கிரம் வந்துரும்."

கொழுந்து பறிக்கப் போக முடியாமல் ஆறு மாதம், எட்டு மாதம் என்று வீட்டில் கிடப்பவர்களிடம் எஸ்டேட் ஆபீசில் சொல்லும் பேச்சு இது. சொல்லும் கிளார்க்குக்குக் கெட்ட எண்ணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டில் மாதாமாதம் சைபர் விழும் பேரை எடுத்துவிட்டால் அவருக்கு ஒரு வேலை மிச்சம். வீட்டிலும் கையில் காசில்லை. ஒரு வெள்ளைத்தாள், "சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று ஒரு வரி, கீழே கையெழுத்து அல்லது ரேகை. ஆயுள் முழுக்க மாதாமாதம் வரவேண்டிய பென்ஷன் அந்த ஒரு வரியில் போய்விடக்கூடும்.

அது எப்படிப் போகிறது, போகாமல் இருக்க எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் பக்கம் தோட்டத்திலோ தேயிலை ஃபேக்டரியிலோ, ஊட்டியில் ஓட்டல், பள்ளிக்கூடம், கடையிலோ பி.எஃப். பிடித்தத்தோடு வேலை பார்ப்பவர்களுக்கானது. பி.எஃப். பிடித்தமில்லாமல் கைக்காசுக்குப் பறிப்பவர்களுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. அவர்களுக்குக் கடைசிப் பகுதியில் கொஞ்சம் இருக்கிறது.

"சொந்தக் காரணம்" என்ற வார்த்தையின் விலை

பி.எஃப். பென்ஷன் என்று நாம் சொல்வது 1995-ஆம் வருடத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். 10 வருட சர்வீஸ் வேண்டும், 58 வயது ஆக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாதி. மறுபாதி அந்தத் திட்டத்தின் 15-ஆம் பத்தியில் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது ஒருவர் நிரந்தரமாகவும் முழுமையாகவும் முடங்கிப்போனால் அவருக்கு 10 வருடக் கணக்கும் கிடையாது, 58 வயதுக் கணக்கும் கிடையாது. ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தால் போதும். முடங்கிய நாளுக்கு மறுநாளிலிருந்து உயிரோடு இருக்கும் வரை பென்ஷன் உண்டு. 2014 செப்டம்பரிலிருந்து அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய்.

இதில் பார்க்க வேண்டிய சொல் "வேலையில் இருக்கும்போது". ஜூன் மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, ஆகஸ்டில் டாக்டர் "இனி இவரால் முடியாது" என்று எழுதினால், அந்தச் சீட்டு எவ்வளவு உண்மையாக இருந்தாலும் இந்தப் பென்ஷனுக்கு உதவாது. முதலில் முடக்கத்துக்கான மருத்துவச் சான்று, அதற்குப் பிறகு வேலையிலிருந்து வெளியேற்றம். தேதிகள் இந்த வரிசையில்தான் விழ வேண்டும்.

வெளியேறும் நாளை பி.எஃப். போர்ட்டலில் ஏற்றும்போது ஆபீஸ்காரர் ஒரு காரணத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரணமாக வேலையை விட்டது, வயது முதிர்ந்து ஓய்வு, இறப்பு, நிரந்தர முடக்கம் என்று தனித்தனிக் குறிகள் இருக்கின்றன. பழக்கதோஷத்தில் முதலாவதைத் தட்டிவிடுவார்கள். பிறகு முடக்கப் பென்ஷனுக்கு விண்ணப்பம் போனால், ஆபீஸ் கொடுத்த காரணமும் டாக்டர் சீட்டும் முட்டிக்கொள்ளும். கோவை மண்டல அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், மாதங்கள் ஓடும். ஆகவே வெளியேறும் கடிதம் எழுதியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் அதில் "சொந்தக் காரணம்" வரக்கூடாது. "இணைத்துள்ள மருத்துவச் சான்றின்படி நான் செய்துவந்த வேலைக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவளாகிவிட்டதால் பணி ஓய்வு கோருகிறேன். பி.எஃப். பதிவில் வெளியேறும் காரணத்தை நிரந்தர முடக்கம் என்று குறிக்கவும்." இரண்டு வரி போதும்.

பி.எஃப். அறங்காவலர் குழு 2025 அக்டோபர் 13-ல் எடுத்த முடிவுக்குப் பிறகு இந்தக் குறி இன்னும் முக்கியமாகிவிட்டது. வேலை போனபின் முழுப் பி.எஃப். எடுக்க 2 மாதக் காத்திருப்பை 12 மாதமாகவும், பென்ஷன் கணக்கிலுள்ள பணத்தை எடுக்க 36 மாதமாகவும் ஆக்கத் தீர்மானித்தார்கள். நிரந்தர முடக்கத்தால் வேலை போனவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, முழுத் தொகையும் உண்டு. ஆக "எழுதிக் குடுத்தா பணம் சீக்கிரம் வந்துரும்" என்ற பேச்சிலும் இப்போது உண்மை குறைவு.

மூன்று வழி, மூன்று கணக்கு

கணக்குப் போடாமல் பேசினால் யாருக்கும் உறைக்காது. ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். வயது 52, பென்ஷன் சர்வீஸ் 18 வருடம், பி.எஃப். பிடித்த சம்பளத்தின் கடைசி 60 மாதச் சராசரி 12,000 ரூபாய். சூத்திரம் எளிது: சராசரிச் சம்பளம் பெருக்கல் சர்வீஸ் வருடம், வகுத்தல் 70. சராசரிக்கு உச்சவரம்பு 15,000.

12,000-ஐ 18-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 3,086 ரூபாய். முடக்கப் பென்ஷனாக வந்தால் இந்தத் தொகை இப்போதே, வெட்டு இல்லாமல் வரும். அதே ஆள் ராஜினாமா செய்துவிட்டு 52 வயதில் முன்கூட்டிய பென்ஷன் கேட்டால், 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. ஆறு வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய், கையில் வருவது சுமார் 2,400 ரூபாய். அந்த வெட்டு 58 வயதானதும் நின்றுவிடாது, ஆயுளுக்கும் தொடரும். மூன்றாவது வழி, 58 வரை காத்திருப்பது. தொகை முழுசாக வரும், ஆனால் ஆறு வருடம் எதைத் தின்பது?

50 வயதுகூட ஆகாதவர் ராஜினாமா செய்தால் இரண்டாவது வழியும் அடைபடும். முன்கூட்டிய பென்ஷன் 50-லிருந்துதான். அதுவரை, பென்ஷன் சர்வீஸைக் காட்டும் திட்டச் சான்றிதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

10 வருடம் முடியாதவர்களுக்கு வித்தியாசம் இன்னும் பெரிது. 9 வருட சர்வீஸ், அதே 12,000 சராசரி என்று வையுங்கள். ராஜினாமா செய்தால் பென்ஷன் கணக்குப் பணத்தை எடுக்கும் 10-சி படிவத்தில் சம்பளத்தின் 9.33 மடங்கு, அதாவது 1,11,960 ரூபாய் ஒரே தொகையாக வரும், கணக்கு அதோடு தீர்ந்தது. முடக்கப் பென்ஷனாகப் போனால் மாதம் 1,543 ரூபாய். ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் அந்த ஒரே தொகையைத் தாண்டிவிடும். பென்ஷன் வாங்குபவர் இறந்தால் கணவருக்கோ மனைவிக்கோ பென்ஷன் தொடரும், 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவருக்கும் பங்குண்டு. கடன்காரர் வாசலில் நிற்கும்போது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பெரிதாகத்தான் தெரியும். அதனால்தான் கையெழுத்துப் போடும் நாளுக்கு முன்பே இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்டுவிட வேண்டும்.

சம்பளமில்லாத நாட்களைப் பற்றி ஒரு வீண் பயம் உண்டு. "படுத்துக் கிடந்த மாதமெல்லாம் சராசரியைக் குறைச்சிடும்" என்பார்கள். குறைக்காது. சந்தா இல்லாத நாட்கள் இருந்தால், 60 மாதத்தில் வாங்கிய மொத்தச் சம்பளத்தைச் சம்பளம் வாங்கிய நாட்களால் மட்டுமே வகுத்து, 30-ஆல் பெருக்குவார்கள். ஆனால் அந்த நாட்கள் சர்வீஸில் கழியும். 6 மாதமும் அதற்கு மேலும் ஒரு வருடமாகவே எண்ணப்படும் என்பதால், கழித்த பிறகு எந்தப் பக்கம் விழுகிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

டாக்டர் சீட்டில் என்ன இருக்க வேண்டும்

நான் பார்த்தவரை அதிகம் சொதப்புவது இங்கேதான். முடக்கம் என்ற சொல் மூன்று சட்டத்தில் மூன்று பொருளில் வருகிறது.

பி.எஃப். பென்ஷன் திட்டம் கேட்பது: முடங்கிய நேரத்தில் செய்துகொண்டிருந்த வேலைக்கு நிரந்தரமாகவும் முழுமையாகவும் தகுதியில்லையா? பணிக்கொடைச் சட்டம், அதாவது நாம் சர்வீஸ் பணம் என்று சொல்வதன் சட்டம், கேட்பது: நோய்க்கு முன் செய்ய முடிந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லையா? மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கேட்பது வேறு: 2016-ஆம் வருடச் சட்டத்தில் சொன்ன 21 வகைக் குறைபாடுகளில் ஒன்று இருக்கிறதா, அது எத்தனை சதவீதம்?

இதனால் இரண்டு பக்கமும் குழப்பம் வருகிறது. இதயம் பலவீனமாகி நான்கு படி ஏற முடியாதவருக்கு மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்காது. இதய நோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு அந்த 21-இல் இல்லை. ஆனால் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் வேலைக்கு அவர் நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்று மருத்துவக் குழு சொன்னால் பி.எஃப். முடக்கப் பென்ஷன் உண்டு. மறுபக்கம், 40 சதவீதம் என்று அட்டை வாங்கிவிட்டால் பி.எஃப். பென்ஷன் தானாக வந்துவிடும் என்று நம்பி ஏமாறுபவர்களும் இருக்கிறார்கள். கூடலூர் பக்கம் ஆதிவாசி மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் ரத்தசோகை 21 வகைகளில் ஒன்று. அவர்கள் அட்டைக்கும் பென்ஷனுக்கும் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

"ஓய்வு தேவை" என்று எழுதிய சீட்டு விடுப்புக்கு ஆகும், பென்ஷனுக்கு ஆகாது. பென்ஷனுக்கான சீட்டில் நோயின் பெயர், எப்போதிலிருந்து, என்ன சிகிச்சை நடந்தது, இனி முன்னேற்றம் இருக்குமா என்பதோடு, என்ன வேலைக்குத் தகுதியில்லை என்பதும் இருக்க வேண்டும். ஊட்டியிலோ கோவையிலோ உட்கார்ந்திருக்கும் டாக்டருக்குத் தோட்ட வேலை என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. "கூலி வேலை" என்று எழுதிவிடுவார். போகும்போதே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் சரிவில் நிற்பது, மழையிலும் பனியிலும் நனைவது, முதுகில் ஈரக் கொழுந்து மூட்டை சுமந்து எடை போடும் இடம் வரை நடப்பது. ஃபேக்டரி ஆளாக இருந்தால் தேயிலைத் தூசி, உலர்த்தியின் சூடு, இரவு ஷிஃப்ட். ஆபீசில் வேலை விவரச் சான்று வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆஸ்துமாக்காரருக்கும் முழங்கால் தேய்ந்தவருக்கும் முடிவைத் தீர்மானிப்பது இந்த நான்கு வரிதான்.

விடுப்பு: எட்டு நாள் ஆபத்து

நோய் ஆரம்பித்த முதல் வாரத்திலேயே காகிதம் ஆரம்பிக்க வேண்டும். மாதிரி நிலையாணைகள் என்ற வேலை விதிகளில் ஒன்று உண்டு: கொடுத்த விடுப்பு முடிந்து 8 நாளுக்குள் வேலைக்கு வந்து விளக்கம் சொல்லாவிட்டால் வேலை மீதான உரிமை போகும். அப்படித் தானாகப் பெயரை வெட்டிவிட முடியாது, விளக்கம் கேட்டு விசாரிக்காமல் நீக்குவது செல்லாது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் அதை நிரூபிக்க வழக்குப் போட்டுப் பல வருடம் அலைவதைவிட, ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் இடையே ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது சுலபம். 14-ஆம் தேதியோடு ஒரு சீட்டு முடிந்தால் அடுத்தது 15-லிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சீட்டை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஆபீசில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துத் தர மாட்டேன் என்றால் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். ஃபீல்டு ஆபீசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படமும் போட்டு வைக்கலாம், தேதி அதில் தானாகப் பதியும்.

சம்பளத்தோடு கூடிய விடுப்பு தோட்டத்தில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள். அதற்கு வெளியே, டாக்டர் சான்றின் பேரில் எஸ்டேட் கொடுக்கும் சிக் பணம் தனி. இரண்டையும் ஒரே கணக்கில் கழித்துவிடும் இடங்கள் உண்டு. சம்பளச் சீட்டைப் பார்த்து, எது எதில் போயிருக்கிறது என்று கேளுங்கள். சம்பள விடுப்பு முழுவதையும் முதல் மாதத்திலேயே தீர்த்துவிடாமல் சில நாட்களை மிச்சம் வைப்பது நல்லது என்பது என் கருத்து. காரணம் இன்ஷூரன்ஸ்.

பி.எஃப்.-இல் பெயர் இருக்கும் எல்லோருக்கும் தனியாகப் பணம் கட்டாமலே ஓர் ஆயுள் காப்பீடு இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலையில் இருந்தவர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 2.5 லட்சத்திலிருந்து 7 லட்சம் வரை வரும். முன்பெல்லாம் நீண்ட நாள் சம்பளமில்லாமல் படுத்திருந்து இறந்தவர் குடும்பத்துக்கு "சந்தா வரவில்லை" என்று மறுத்துவிடுவார்கள். 2025-இல் செய்த திருத்தத்தின்படி, கடைசிச் சந்தா வந்த 6 மாதத்துக்குள் இறந்து, பெயர் அப்போதும் ஆபீஸ் பட்டியலில் இருந்தால் காப்பீடு உண்டு. மிச்சம் வைத்த விடுப்பு நாட்களில் இரண்டு மூன்றை நான்கைந்து மாதத்துக்கு ஒரு தடவை எடுத்தால், அந்த மாதத்தில் ஒரு சிறு சந்தா விழும், அந்த 6 மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். நோயாளி முன்னால் பேசக் கூசும் விஷயம்தான். குடும்பத்தில் யாராவது ஒருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு இந்தக் காப்பீடு இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதுவரை அடுப்பெரிய

ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் நிலைமை தேவலாம். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் ஃபேக்டரி, ஓட்டல், கடை ஆட்களுக்கு அது இருக்க வாய்ப்புண்டு. எஸ்டேட் ஆட்களுக்குப் பொதுவாக இல்லை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், தோட்ட நிர்வாகம் விரும்பினால் சேரலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஈ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணம் சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்கு, முந்தைய ஆறுமாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் தரும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரை. இந்தத் தள்ளிவைத்த கணக்கு புரியாததால்தான் "போன மாசம்கூடப் பிடிச்சாங்களே, ஏன் இல்லைங்கறாங்க" என்ற சண்டை வருகிறது.

91 நாள் முடிந்தபின் பலர் விட்டுவிடுகிறார்கள். காசநோய், புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, இதய ரத்தக்குழாய் நோய், கல்லீரல் சுருக்கம், சில மனநோய்கள் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் மேலும் இரண்டு வருடம் வரை நீட்டிப்பு உண்டு. அதற்கு இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், முந்தைய நான்கு சந்தாக் காலத்தில் 156 நாள் சந்தா இருக்க வேண்டும். தனியார் டாக்டர் சீட்டை நேரே நீட்டினால் எடுபடாது. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பெரிய சிகிச்சைக்குச் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வரை இறங்க வேண்டியிருக்கும். இந்தப் பணம் சம்பளம் அல்ல, ஆகவே அதில் பி.எஃப். பிடித்தம் இல்லை என்பதையும் மேலே சொன்ன 6 மாதக் கணக்கோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

பி.எஃப்.-இலிருந்து நோய்க்கு முன்பணம் எடுக்கலாம். 31-ஆம் படிவம், யு.ஏ.என். (பி.எஃப். நிரந்தர எண்) போர்ட்டலிலேயே போடலாம். ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தது, பெரிய அறுவை சிகிச்சை, காசநோய், புற்றுநோய், பக்கவாதம், இதய நோய் போன்றவற்றுக்கு ஆறு மாதச் சம்பளம் அல்லது நம் பங்கும் அதன் வட்டியும், எது குறைவோ அது என்பதே வெகுகாலமாக இருந்த கணக்கு. 2025 அக்டோபர் முடிவில் பணமெடுக்கும் 13 வகைகளையும் மூன்றாகச் சுருக்கி, இருப்பில் 25 சதவீதத்தை எப்போதும் விட்டுவைக்க வேண்டும் என்றார்கள். போர்ட்டலில் விண்ணப்பிக்கும் நாளில் அது காட்டும் தொகைதான் கணக்கு. இப்படி முன்பணம் எடுப்பதால் பென்ஷன் குறையாது. அது வேறு பெட்டி. மலையில் பலர் இதைக் குழப்பிக்கொண்டு, பென்ஷன் போய்விடும் என்று பயந்து வட்டிக்கு வாங்குகிறார்கள்.

சிகிச்சைச் செலவுக்கு, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டில் வருடம் 5 லட்சம் வரை. காசநோயாளிக்குச் சிகிச்சை முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பணம் வங்கிக் கணக்குக்கே வரும்.

லேசான வேலை

நாற்றங்கால், குழந்தைகள் காப்பகம், ஃபேக்டரியில் தூசியில்லாத பகுதி என்று மாற்று வேலை கேட்பது நல்ல வழி. எழுத்தில் கேளுங்கள். தனியார் எஸ்டேட் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) போன்ற அரசு நிறுவனத்தில் கதை வேறு. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை நீக்கவோ தரம் இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும், அப்படி வேலை இல்லையென்றால் தனிப்பணியிடம் உண்டாக்கி ஓய்வு வயது வரை வைத்திருக்க வேண்டும். அங்கே யாரும் "எழுதிக் கொடு" என்றால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். இங்கே மட்டும் மாற்றுத்திறனாளி அட்டை கையில் இருப்பது பெரிய பலம்.

லேசான வேலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பி.எஃப். மருத்துவக் குழு பார்ப்பது முடங்கிய நேரத்தில் செய்த வேலையை. காப்பகத்தில் உட்கார்ந்த வேலைக்கு மாறி மூன்று வருடம் கழித்துப் பென்ஷன் கேட்டால், கொழுந்து பறிக்க முடியவில்லை என்ற வாதம் பலிக்காது. உடம்பு தேறும் என்ற நம்பிக்கை இருந்தால் மாறுங்கள். தேறாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டால், மாறுவதற்கு முன்பே பென்ஷன் கேட்பதா என்று முடிவெடுங்கள்.

சர்வீஸ் பணமும் லைன் வீடும்

சர்வீஸ் பணத்துக்கு 5 வருடம் வேண்டும். நோயால் முடங்கியோ இறந்தோ வேலை முடிந்தால் அந்த 5 வருடம் தேவையில்லை. ராஜினாமாவில் "சொந்தக் காரணம்" என்றிருந்தால் 4 வருடம் வேலை பார்த்தவருக்கு ஒன்றும் இல்லை. கணக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம். நாள் சம்பளம் 450 ரூபாய் என்று வைத்தால் 18 வருடத்துக்கு 1,21,500. நோயால் வராத நாட்கள் தொடர் சர்வீஸை உடைப்பதில்லை. உடைந்தது என்று முறைப்படி உத்தரவு போட்டிருந்தால்தான் பிரச்சினை. ஆகவே நோய்க்கால வருடங்களைக் கழித்துக் கணக்குக் கொடுத்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். விண்ணப்பித்து 30 நாளில் வரவேண்டும், தாமதத்துக்கு வட்டி உண்டு. வராவிட்டால் குன்னூரிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

ஆட்குறைப்பு நஷ்டஈட்டையும் எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தொடர்ந்த உடல்நலக் குறைவால் வேலை முடிவது சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது, அந்தப் பணம் வராது. வேலை நேரத்தில் காட்டெருமை முட்டியோ கரடி தாக்கியோ முடங்கியவர் நோயாளிக் கணக்கில் வரமாட்டார். அது பணி விபத்து, அதற்குத் தனி இழப்பீடு, இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். "நோய்" என்று எழுதி அதை மூடிவிட விடாதீர்கள்.

எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்தால்தான் சர்வீஸ் பணம் என்று நிறுத்தி வைப்பது மலையில் சகஜம். பணிக்கொடையைப் பிடித்து வைக்கச் சட்டம் சொல்லும் காரணங்களில் வீடு இல்லை. ஆனால் நீதிமன்றங்கள் இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. அதே எஸ்டேட்டில் மகனோ மருமகளோ நிரந்தரமாக வேலை பார்த்தால், வெளியேறும் கடிதம் கொடுப்பதற்கு முன்பே வீட்டை அவர்கள் பெயருக்கு மாற்றி எழுதி வாங்குங்கள். வாரிசுக்கு வேலை தருவது வழக்கம்தான், சட்டமில்லை. வாய் வார்த்தையாக இருந்தால் மேனேஜர் மாறியதும் காற்றில் போய்விடும். பேசத் தெம்பில்லாதவர்கள் ஊட்டி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளிகளுக்கு அங்கே வருமானக் கணக்குக் கேட்பதில்லை.

10-டி படிவமும் தேய்ந்த ரேகையும்

முடக்கப் பென்ஷனுக்கும் மற்றப் பென்ஷனுக்கு விண்ணப்பிக்கும் அதே 10-டி படிவம்தான். கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தக நகல், மருத்துவ ஆவணங்கள் வேண்டும். பி.எஃப். அலுவலகம் மருத்துவக் குழுவுக்கு அனுப்பும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் கோப்பு மூலைக்குப் போகும். நடக்க முடியாதவரைக் கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் வண்டியில் கொண்டுபோவது லேசில்லை. எனவே முதல் தடவையிலேயே ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.

கோப்பு திரும்பி வர முதல் காரணம் நோய் அல்ல, பெயர். செக்ரோலில் ஒரு பெயர், ஆதாரில் முதலெழுத்தோடு இன்னொரு பெயர். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் கடவுச்சீட்டில் மூன்றாவது பெயரும் இருக்கும். பிறந்த வருடம் ஐந்தாறு வருடம் தள்ளி நிற்கும். இதைத் திருத்தும் கூட்டு உறுதிமொழிக்குப் பெரும்பாலும் எஸ்டேட் ஆபீசின் ஒப்புதல் வேண்டும். வேலையில் இருக்கும்போது அது ஒரு வாரத்து வேலை, வெளியேறிய பிறகு கெஞ்சல். படுத்த முதல் மாதத்திலேயே யு.ஏ.என்., ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வாரிசு நியமனத்தையும் அப்போதே ஏற்றிவிடுங்கள். பி.எஃப்.காரர்கள் மாதம் 27-ஆம் தேதி ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைதீர் முகாம் நடத்துகிறார்கள். கோவைக்கு இறங்காமல் வேலை முடிய அது ஒரு வாய்ப்பு.

பி.எஃப். இல்லாதவர்களுக்கும், பென்ஷன் மறுக்கப்பட்டவர்களுக்கும் மிச்சமிருப்பது மாநில உதவி. தாசில்தார் வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 1,500. கடுமையான பாதிப்பு, தசைச்சிதைவு, பார்க்கின்சன் போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்புத் தொகை மாதம் 2,000. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

பென்ஷன் வர ஆரம்பித்தபின் வருடத்துக்கு ஒரு தடவை உயிர்வாழ் சான்று. முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை தேய்ந்து கறை ஏறியிருக்கும், மெஷின் எடுக்காது. ரேகைக்காக மூன்று தடவை பஸ் ஏற வேண்டாம். உமங் செயலியையும் ஆதார் முகப்பதிவுச் செயலியையும் சேர்த்து வைத்து முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே கொடுத்துவிடலாம், பிள்ளைகளின் போனே போதும். வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசலில் உட்கார வைத்து எடுங்கள். லைன் வீட்டுக்குள் இருட்டில் எடுத்தால் அதுவும் தள்ளிவிடும். கொடுத்த மாதத்திலிருந்து ஒரு வருடம் செல்லும். நவம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை, மழையில்லாத மாதமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.